அட்டைப் பெட்டியில் பிறக்கும் பிள்ளையார்!

அல்சூர் பஜார் தெருவில் கடை அடைக்கும் நேரம். சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, மின்விசிறி வந்த பெட்டி என்று அட்டைகள் வாசலில் குவிகின்றன. கட்டி எடுத்துப் போனால் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் காசாகும். மழையில் நனைந்துவிட்டாலோ குப்பைதான்!

ஆனால், சிலை செய்கிறவருக்கு வேண்டியது அந்த நனைந்த அட்டைதான்.

விழுப்புரம் வட்டாரத்தில் காகிதக் கூழில் விநாயகர் செய்வது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். வித்தை புதிதல்ல. பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, கூடை செய்த பாட்டிமார் நம் வீடுகளிலேயே உண்டே!

செய்முறை

முதலில் ஒட்டு நாடாவையும் கம்பிப் பின்னையும் ஒன்று விடாமல் பிரிக்க வேண்டும். பிளாஸ்டிக் பூசிய பளபளப்பு அட்டை ஆகாது, அது கரையாது. பிறகு அட்டையைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, இடித்து, பிழிய வேண்டும். மரவள்ளி மாவுக் கஞ்சியும் சுண்ணாம்புக்கல் மாவும் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோலப் பிசைய வேண்டும். எண்ணெய் தடவிய அச்சில், முன்பாதி வேறு, பின்பாதி வேறாக அப்பி, காய்ந்தபின் ஒட்டினால் உருவம் தயார். பூச்சி அரிக்காதிருக்கச் சிலர் மயில்துத்தம் போடுவார்கள். ஏரியில் கரைக்கும் சிலைக்கு அது கூடவே கூடாது. மீனுக்கு விஷம்!

ஏரியின் கதி

அல்சூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2016 மார்ச்சில் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. அதற்குக் காரணம் சிலையல்ல, சாக்கடைத் தண்ணீர். அந்த ஆண்டே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்குக் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடை விதித்தது. காகிதமும் அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்னும் என்பதை மறைக்க வேண்டாம். ஆகவே சிறிய சிலையாகச் செய்து, ஏரியோரம் இதற்கென்றே உள்ள கல்யாணியிலோ வீட்டு வாளியிலோ கரைப்பதே நல்லது. கரைப்பதில் களிமண்ணுக்கு ஈடு எதுவுமில்லை. காகிதச் சிலைக்கு உள்ள பெருமை, கனமில்லாமை. பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோகலாம்.

குப்பையைக் கிளறினால் ஊர் சிரிக்குமே என்று தயங்குவோர் சண்டிகாரின் நேக் சந்தை நினைக்கலாம். பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். 1950-களின் இறுதியிலிருந்து, வேலை முடிந்தபின், அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையலிலும் பீங்கானிலும் சிலைகள் செய்தார். விஷயம் வெளிப்பட்டபோது வேலையே போயிருக்கலாம். இடிக்க வேண்டும் என்றும் பேச்சு எழுந்தது. கடைசியில் 1976-ல் அதைப் பூங்காவாகத் திறந்தார்கள். சம்பளமும் ஆட்களும் கொடுத்து அவரையே வேலையைத் தொடரச் சொன்னார்கள்! 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார்.

பெங்களூரில் ஆவணி மழையில் கூழ் காய்வது பெரும்பாடு. உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துத் தும்பிக்கை தொங்கிவிடும். சதுர்த்திக்குச் சிலை வேண்டுவோர் சித்திரை வெயிலிலேயே அட்டையை ஊறப்போட வேண்டும்.