கால் அங்குலத்தில் இருக்கிறது கைத்திறன்

1860-களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை வகை 'லாக் கேபின்'. நடுவில் ஒரு சிறு சதுரம், பெரும்பாலும் சிவப்பு; வீட்டின் கணப்பைக் குறிப்பது அது என்பார்கள். மரக்கட்டைகளை அடுக்கி வீடு எழுப்புவதுபோல, அதைச் சுற்றித் துணிப் பட்டைகளைத் தைத்துக்கொண்டே போக வேண்டும்.

இதன் மாற்றுவகைகளில் பழகுவதற்கு ஏற்றது 'கோர்ட்ஹவுஸ் ஸ்டெப்ஸ்'. இதில் பட்டைகள் சுற்றி வருவதில்லை. முதலில் இடமும் வலமும், பிறகு மேலும் கீழும். பக்கவாட்டில் வெளிர் நிறமும் மேல்கீழில் அடர் நிறமும் வைத்தால் படிக்கட்டுகள் எழும்பும். எதிரெதிர்ப் பட்டைகள் ஒரே நீளம் என்பதால் இரண்டிரண்டாக வெட்டிவிடலாம்.

நடுச் சதுரம் 2½ அங்குலம், பட்டையின் அகலம் 1½ அங்குலம், தையலுக்கு விடுவது கால் அங்குலம். மூன்று சுற்று முடிந்ததும் 8½ அங்குலச் சதுரம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் துணியைக் குறை சொல்லாதீர்கள், தையலை அளந்து பாருங்கள். தையல் ஒவ்வொன்றும் அரை நூல், அதாவது 1/16 அங்குலம், கூடுதலாக உள்ளே போனால் இரு துணியிலும் சேர்த்து 1/8 போய்விடும். குறுக்காக ஆறு தையல். ஆக முக்கால் அங்குலம் காணாமல் போகும்! அதனால் முதலில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, நடுப்பட்டையை அளந்துவிடுங்கள். சரியாக ஓர் அங்குலம் இருந்தால்தான் மேலே போகலாம்.

நீளப் பட்டையை அப்படியே தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டும் அவசரம் வேண்டாம். கை இழுக்கிற இழுப்பில் ஓரம் நீண்டு நெளியும். அளந்து வெட்டி, இரு முனையிலும் நடுவிலும் குண்டூசி குத்திய பிறகே தையுங்கள். பாவு வாக்கில் வெட்டிய பட்டை ஊடை வாக்கில் வெட்டியதைவிடக் குறைவாகத்தான் இழுபடும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து நகர்த்தாமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். தையல் மடிப்பு எப்போதும் வெளிப்பக்கம் சாயட்டும்.

அலபாமா ஆற்று வளைவில் உள்ள ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஹவுஸ்டாப்' போர்வைகளைப் பழைய வேலை உடுப்புகளிலிருந்து தைத்தார்கள். பட்டைகள் கோணலும் மாணலுமாகப் போகும். ஆனாலும் என்ன அழகு! 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர்களது போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது.

நீங்களும் பழைய துணிகளைக் கலப்பதானால் கனம் ஒத்துப்போகாது. அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழியே இன்றும் நல்லது: அடியில் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, பட்டைகளை அதன் மேலேயே ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துப் புரட்டுங்கள். பட்டும் கம்பளியும்கூட அதில் அடங்கி நிற்கும்.