முறுக்கு என்றோர் உடும்புக் குட்டி

கடந்த செப்டம்பரில் இன்ஸ்டகிராமில் ஒரு படம் போட்டேன். என் உள்ளங்கையில் ஓர் உடும்புக் குட்டி. செம்பழுப்பு உடல் முழுக்க மஞ்சள் புள்ளிகள், வால் முழுக்க வரிவரியாய்ச் சிறு முட்கள். ஒரு மணி நேரத்திற்குள் சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

“அண்ணா, செம கியூட்! டெலிகிராம்ல ஒருத்தர் இதே மாதிரி விக்கிறாராம். வாங்கவா? அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க.”

படத்துக்குக் கிடைத்த விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று சங்கடமாகிவிட்டது. அந்தப் படத்துக்கு முன்பு நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பாக, என் தவறால் அந்தக் குட்டி ஆறு நாள் பட்டினி கிடந்ததைச் சொல்லவில்லை. தம்பிக்குச் சொன்னதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

குட்டிக்கு முன் பெட்டி

நான் மெல்பர்னில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இருவர் சேர்ந்து ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அறைத்தோழர் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர், விலங்கியல் மாணவர். உடும்பு வளர்க்கும் ஆசை அவருடையது. அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் ‘ஆக்கி’ என்று செல்லமாக அழைக்கப்படும் சிறிய உடும்பு அது. அறிவியல் பெயர் ‘வாரனஸ் அகாந்தூரஸ்’. ‘அகாந்தூரஸ்’ என்றால் கிரேக்க மொழியில் முள்வால் என்று பொருள். நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள வறண்ட பாறைப் பகுதிகளில் வாழ்கிறது. முழுதாக வளர்ந்தாலும் வால் சேர்த்து 60 முதல் 70 சென்டிமீட்டர்தான். எதிரி வந்தால் பாறை இடுக்கில் புகுந்து, உடலை உப்பவைத்து இறுக்கிக்கொண்டு, முள்வாலால் வாசலை அடைத்துவிடும். உடும்புப்பிடி என்று நாம் சொல்வது சும்மா இல்லை!

விக்டோரியா மாநிலத்தில் இதை வளர்க்க உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வரக்கூடாது. உரிமம் பெற்றவரிடம்தான் வாங்கவேண்டும். அறைத்தோழர் தம் பெயரில் உரிமம் எடுத்தார். வீட்டு உரிமையாளரிடம் எழுத்துபூர்வமாக ஒப்புதலும் வாங்கினோம்.

உடனே போய்க் குட்டியைத் தூக்கி வரலாம் என்று நான் நினைத்தேன். அவர் விடவில்லை. முதலில் 120 சென்டிமீட்டர் நீளத்தில் கண்ணாடி முகப்புள்ள மரப்பெட்டி வந்தது. அதில் ஒரு முழங்கை ஆழத்துக்கு மணல் கலந்த செம்மண் கொட்டினோம். அடிமண் சற்று ஈரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உடும்பு தோண்டும் வளை இடிந்துவிடும். மெல்லிய பலகைகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். அவைதாம் அதற்குப் பாறை இடுக்குகள். மேலே புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு. ஒரு மூலையில், அடுக்கின் உச்சிக்கு நேர் மேலே, வெப்பம் தரும் ஹேலோஜன் விளக்கு.

அதன்பின் ஒரு வாரம் அந்தப் பெட்டி காலியாகவே எரிந்தது. அறைத்தோழர் தினமும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து எழுதி வைத்தார். விளக்கின் கீழ் பலகையின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கவேண்டும், மறுகோடி 25 பாகையை ஒட்டிக் குளுமையாக இருக்கவேண்டும் என்றார்.

“50 பாகையா? வெந்துவிடாதா?” என்று கேட்டேன். உடும்பு அங்கேயே கிடக்காது, சிறிது நேரம் சூடேறிவிட்டு நகர்ந்துவிடும், நகர்வதற்குக் குளிர்ந்த இடமும் வேண்டும் என்று விளக்கினார். எண்களை நான் காதில் வாங்கினேன், மனத்தில் வாங்கவில்லை. அது பிறகுதான் தெரிந்தது.

எதுவும் செய்யாத நாள்கள்

ஜூன் மாதம் தேர்வு முடிந்த மறுநாள் குட்டியை அழைத்து வந்தோம். மெல்பர்னில் அது குளிர்காலம். துணிப்பைக்குள் குட்டி, பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள், டப்பா குளிர்தாங்கும் பெட்டிக்குள். காரில் வெப்பத்தை ஏற்றிவிட்டு, பாட்டுகூடப் போடாமல் வந்தோம். வால் சேர்த்து 20 சென்டிமீட்டர் இருக்கும். எடை 14 கிராம். முள் முறுக்குபோல் இருந்த வாலைப் பார்த்து ‘முறுக்கு’ என்று பெயர் வைத்தேன். அறைத்தோழருக்கு ‘று’ வாயில் நுழையவே இல்லை.

அன்றிரவு அம்மாவிடம் காணொளியில் காட்டினேன்.

“டேய், பியாவாக்கையா வீட்டுக்குள்ள வெச்சிருக்கே? ராத்திரி கட்டில்ல ஏறப் போகுதுடா!”

ஏறுவதா? கண்ணிலேயே படவில்லை. பையைத் திறந்ததும் பலகை அடுக்குக்குள் பாய்ந்தது, நான்கு நாள் வெளியே வரவில்லை. தூக்கிப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. கூடவே கூடாது என்றார் அறைத்தோழர். குட்டி உடும்பைப் பறவைகளும் பாம்புகளும் தின்னும். மேலிருந்து இறங்கும் எந்தக் கையும் அதற்குக் கழுகின் கால்தான். புது வாடை, புது ஒளி, புது அதிர்வு எல்லாவற்றையும் அது முதலில் பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டிப் படிக்கவேண்டும். அதுவரை நாம் செய்யவேண்டியது மூன்றே: தண்ணீர் மாற்றுவது, சிறு சிள்வண்டுகளை விட்டுவைப்பது, விலகி இருப்பது. கண்ணாடியின் பாதியைச் செய்தித்தாளால் மறைத்தோம்.

ஐந்தாம் நாள் பலகை இடுக்கில் ஒரு தலை தெரிந்தது. நான் திரும்பியதும் மறைந்தது. அதன்பின் மாலைதோறும் பெட்டிக்கு அருகில் நாற்காலி போட்டு, குட்டியைப் பார்க்காமல் என் பாடங்களைப் படித்தேன். ஒன்பதாம் நாள், நான் இருக்கும்போதே வெளியே வந்து ஒரு சிள்வண்டைத் துரத்திப் பிடித்தது. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

ஆறு நாள்

பன்னிரண்டாம் நாள் அறைத்தோழர் இரண்டு வாரக் களப்பணிக்குப் புறப்பட்டார். பொறுப்பு என்னுடையது. பதினைந்தாம் நாள் காலை ஹேலோஜன் விளக்கு எரியவில்லை. ‘பியூஸ்’ போய்விட்டது. பக்கத்துப் பேரங்காடியில் அதே அளவு, அதே பொருத்தியுள்ள விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினேன். முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து முறுக்கு மண்ணுக்குள் போய்விட்டது. போட்ட சிள்வண்டுகள் அப்படியே திரிந்தன. முதலில் நான் கவலைப்படவில்லை, புது இடம் இன்னும் பழகவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதனால் செய்தித்தாளை இன்னும் உயர்த்தி ஒட்டினேன். நாள்கள் ஓடின. ஆறாம் நாள் பயந்துபோய் மெல்லத் தோண்டிப் பார்த்தேன். கையில் எடுத்தபோது ஓடக்கூட முயலவில்லை. குளிர்ந்த ரப்பர்த் துண்டுபோல் கிடந்தது. சமையலறைத் தராசில் 12 கிராம் காட்டியது. மனிதருக்கு 2 கிராம் ஒன்றுமில்லை. அதற்கு அது உடலில் ஏழில் ஒரு பங்கு.

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்தேன். தொலைபேசி எடுத்த தாதி கேட்ட முதல் கேள்வி, “விளக்குக்குக் கீழே வெப்பம் எவ்வளவு?” 

அளந்தேன். 19 பாகை.

நான் மாட்டியது எல்இடி விளக்கு! மின்சாரத்தைப் பெருமளவு வெளிச்சமாக மாற்றி, வெப்பத்தைக் குறைவாகத் தருவதுதான் அதன் சிறப்பே. ஹேலோஜன் அதற்கு நேரெதிர். அது எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் ஆற்றல் மாற்றம் பற்றி விடை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அறைக்குள் அதை யோசிக்கவில்லை.

நம் உடல் உணவிலிருந்தே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது. உடும்பின் வெப்பம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரவேண்டும். வெப்பம் இல்லாவிட்டால் அது ஓட முடியாது, வேட்டையாட முடியாது, தின்றதைச் செரிக்கவும் முடியாது. பதற்றத்தில் வாயைத் திறந்து எதையும் ஊட்டிவிடாதே, செரிக்காத உணவு இன்னும் கெடுதல், முதலில் வெப்பம், பிறகு தண்ணீர், அதன்பின் உணவு என்றார் தாதி. மறுநாளும் அசைவு இல்லையென்றால் கொண்டுவரச் சொன்னார்.

மழையில் டிராம் பிடித்துப் போய்ச் சரியான விளக்கை வாங்கி வந்தேன். பலகை 55 பாகைக்கு வந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு முறுக்கு மெல்ல ஊர்ந்து வந்து, பலகையில் அப்பளம்போல் உடலைத் தட்டையாக்கிப் படுத்தது. மூன்றாம் நாள் இரண்டு சிள்வண்டுகள் தின்றது. பழைய எடை திரும்ப மூன்று வாரம் ஆயிற்று.

அறைத்தோழர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு உபரி விளக்குகளை வாங்கி வந்து, பெட்டிக்கு மேல் வைத்து, ‘வெப்ப விளக்கு, இதை மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டினார். எனக்கு அந்தத் தாள் ஒரு திட்டுக்குச் சமம்.

ஆறாவது வாரம் இடுக்கியிலிருந்து உணவு வாங்கியது. அதன்பின் என் கையை மண்மேல் அசையாமல் வைத்துக் காத்திருந்தேன். செப்டம்பரில் ஒருநாள் தானாகவே உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. நீங்கள் பார்த்தால் ‘கியூட்’ என்று சொல்லும் அந்தப் படம் அப்போது எடுத்தது. அதற்கு என்மேல் அன்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் கை சூடாக இருந்திருக்கலாம். என்னைக் கண்டு ஓடுவதில்லை, அது போதும். ஒவ்வொரு முறையும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுவேன், ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

தம்பிக்கு அனுப்பிய கேள்விகள்

தம்பிக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஐந்து கேள்விகள் அனுப்பினேன்.

1. உன் நாட்டில் அதை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறதா?
2. விற்பவருக்கு அது எங்கிருந்து வந்தது?
3. அது வருவதற்கு முன்பே அதன் வீடு தயாராக, சோதித்துப் பார்க்கப்பட்டு இருக்குமா?
4. அதற்கு நோய் வந்தால் எந்த மருத்துவரிடம் போவாய்?
5. ஆக்கி 15 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடும். நீ தேசிய சேவைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனபின் யார் பார்த்துக்கொள்வார்?

முதல் கேள்வியிலேயே அவன் நின்றுவிட்டான். சிங்கப்பூரில் உடும்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. வனவிலங்குச் சட்டத்தின்படி, காட்டு உடும்பை அனுமதியின்றிப் பிடிப்பதோ அதற்கு உணவு போடுவதோகூடக் குற்றம். தீபகற்ப மலேசியாவில் வனவிலங்குகளைக் கவனிப்பது பெர்ஹிலித்தான். உலகின் எல்லா உடும்பு இனங்களும் ‘சைட்டீஸ்’ எனப்படும் அனைத்துலக வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. டெலிகிராமில் விற்கும் குட்டி யாரோ ஒருவர் பெட்டிக்குள் ஒளித்துக் கடத்தியதாக இருக்கலாம். அப்படி வரும் வழியில் எத்தனை குட்டிகள் இறந்தன என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

“வாங்கலண்ணா” என்று எழுதினான். சற்று நேரம் கழித்து, “ஆனா பார்க்கணும்போல இருக்கு” என்றான்.

டிசம்பர் விடுமுறையில் அவனைச் சுங்கை பூலோ சதுப்புநில வனப்பகுதிக்கு அழைத்துப் போனேன். பலகைப் பாதைக்குக் கீழே, சேற்றில், ஆளுயரத்துக்கு ஒரு நீர் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி நடந்து போனது. தம்பி கைப்பேசியை எடுக்கவே மறந்து நின்றான். நுழைவுக் கட்டணம் இல்லை, விளக்கு மாற்றவேண்டியதும் இல்லை.

ஐந்தாவது கேள்வி எனக்கும் உண்டு. அடுத்த ஆண்டு இறுதியில் நான் படிப்பு முடித்துச் சிங்கப்பூர் திரும்புவேன். முறுக்கு வரமுடியாது. உரிமம் அறைத்தோழர் பெயரில் இருப்பதால் அது அவரோடு இருக்கும். இது முதல் நாளே நாங்கள் பேசி முடிவு செய்தது. இருந்தும், இப்போதெல்லாம் மாலையில் பெட்டிக்கு அருகில் படிக்க உட்காரும்போது, புத்தகத்தைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.