தொந்தரவு கொடுக்காத பிள்ளை



"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். உண்மைதான். அழுகிற பிள்ளையை ஆளாளுக்குத் தூக்கிச் சமாதானம் செய்கிறோம். அழாத பிள்ளையை யார் பார்ப்பது? அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் இம்முறை சுகாதாரப் பகுதியில் பேசப் போகிறோம்.

சுகாதாரம் என்றால் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, டிங்கிக் கொசு, பூச்சிமருந்து என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். மனமும் உடம்போடு சேர்ந்ததுதான். அதிலும் பிஞ்சு மனம் பட்ட காயம் வெளியே தெரியாது.

ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். எந்தக் குடும்பத்தையும் குறித்து இதை எழுதவில்லை. ஆனாலும் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் ஞாபகத்துக்கு வரக்கூடும்.

இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். எட்டு வயது. அப்பா சாலை விபத்தில் இறந்து போனார். மூத்த மகன் என்பதால் இவன் கையால்தான் கொள்ளி. தலையை மொட்டை அடித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை சீருடை மாட்டிப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார்கள்.

லயத்தில் எல்லாரும் மெச்சினார்கள். "பையன் கெட்டிக்காரன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அம்மாவுக்குத் தொந்தரவே கொடுக்கல" என்றார்கள். வகுப்பிலும் அப்படியே. கூப்பிட்டால் எழுந்து நிற்பான், கேட்டால் தலையாட்டுவான், வாய் திறக்க மாட்டான். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலைக்குப் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான். ஓவியப் பாடத்தில் மட்டும் பென்சிலைத் தொடவே மாட்டான். "முன்பு நன்றாக வரைந்த பிள்ளை, இப்போது சோம்பேறியாகிவிட்டான்" என்று டீச்சர் நினைத்தார்.

யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று அவன் நெஞ்சுக்குள் இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா டவுனுக்குக் கிளம்பும்போது, "வர்றப்ப கலர் பென்சில் வாங்கிட்டு வாங்கப்பா" என்று சொன்னது அவன்தான்.

பிள்ளைக்குச் சாவு எப்படிப் புரிகிறது?

பெரியவர்களுக்குப் புரிவதுபோல் சிறு பிள்ளைகளுக்கு மரணம் புரிவதில்லை. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் மரியா நாகி என்ற பெண்மணி 378 பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டு 1948ஆம் ஆண்டில் எழுதினார். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பலர், இறந்தவர் எங்கோ போயிருக்கிறார் என்றே எண்ணினார்கள். ஒன்பது வயதை ஒட்டித்தான், சாவு எல்லாருக்கும் வருவது, வந்தால் மீளாதது என்ற தெளிவு வந்தது. பின்னால் வந்தவர்கள் இந்த வயதுக் கணக்கைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே புரிந்துவிடுகிறது. ஆனால் புரிதல் படிப்படியாகத்தான் வருகிறது என்பதில் மாற்றமில்லை.

ஆரம்பப் பள்ளியில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இருக்கும் பிள்ளைகள் ஒரு நடுப்படியில் நிற்கிறார்கள். அப்பா திரும்பி வரமாட்டார் என்று பாதி தெரியும், பாதி தெரியாது. அதோடு, தான் நினைத்ததாலோ சொன்னதாலோதான் இப்படி ஆகிவிட்டது என்று நம்புகிற வயது அது. "நான் அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டேன், அதான் அம்மா செத்துப் போச்சு" என்று ஒரு பிள்ளை மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொள்ளும். நம்மிடம் சொல்லாது. சொன்னால் நாமும் அதையே சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

சோகம் எந்த உருவத்தில் வரும்?

பிள்ளையின் துக்கம் நம் தோட்டத்து மழை மாதிரி. ஒரு நேரம் கொட்டும், உடனே வெயிலடிக்கும். காலையில் மூலையில் சுருண்டு கிடந்த பிள்ளை மாலையில் பந்து விளையாடும். "அப்பன் செத்து ஒரு மாசம் ஆகல, ஆட்டத்தைப் பாரு" என்று யாரும் ஏச வேண்டாம். மறந்துவிட்டது என்றும் முடிவு கட்ட வேண்டாம். பிள்ளையால் துக்கத்தைத் தொடர்ந்து சுமக்க முடியாது. அதனால் இறக்கி வைத்து மறுபடி தூக்குகிறது.

வேறு உருவங்களும் உண்டு. வயிற்று வலி, தலைவலி என்று அடிக்கடி சொல்லும். நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வரும். இருட்டுக்குப் பயப்படும். சேலை முந்தானையை விடாது. படித்தது மண்டையில் ஏறாது. சில பிள்ளைகள் அடிதடியில் இறங்கும். சில பிள்ளைகள் சிலையாகிவிடும். அடிதடிப் பிள்ளை எப்படியும் தலைமையாசிரியர் கண்ணில் பட்டுவிடும். சிலையான பிள்ளைக்கு 'நல்ல பிள்ளை' என்று பேர் கிடைத்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

"காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்று பூசாரியிடம் கூட்டிப் போவோரும் உண்டு. திருநீறு பூசி ஆறுதல் சொல்வதில் தவறில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிடக் கூடாது.

வீட்டில் எதைச் சொல்வது?

சாவு என்ற சொல்லை மறைக்காதீர்கள். "தூங்குறாரு" என்று சொன்னால் பிள்ளை தூங்கப் பயப்படும். "வெளியூர் போயிருக்காரு" என்றால் வாசலைப் பார்த்தே காத்திருக்கும். "நல்லவரா இருந்ததால சாமி கூப்பிட்டுக்கிச்சு" என்றால், நல்ல பிள்ளையாக இருக்கவே அஞ்சும். நேராகச் சொல்லுங்கள்: "அப்பா இறந்துட்டாரு. அவரு உடம்பு இனிமே வேலை செய்யாது. வலிக்காது, பசிக்காது. திரும்பி வரமாட்டாரு. எனக்கும் ரொம்ப வருத்தமா இருக்கு." உங்கள் சமய நம்பிக்கையை அதற்கு மேல் சேர்த்துச் சொல்லுங்கள்.

கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொரு வார்த்தை இருக்கிறது. "நீ செஞ்சதாலயோ சொன்னதாலயோ நினைச்சதாலயோ இது நடக்கல." பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒரு முறை போதாது.

ஆண் பிள்ளைகளிடம், "அழாத, இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று உறவினர்கள் தோளைத் தட்டுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எட்டு வயதுத் தோளில் அது பெரிய பாரம். "நீ பிள்ளையாவே இருப்பா, வீட்டைப் பார்த்துக்க நாங்க பெரியவங்க இருக்கோம்" என்று மாற்றிச் சொல்லுங்கள். அம்மா பிள்ளைக்கு முன்னால் அழுதாலும் குற்றமில்லை. அழலாம், அழுதபின் சோறாக்கலாம் என்பதைப் பிள்ளை பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

விடிகாலைப் பயம்

நம் தோட்ட வாழ்க்கையில் இது தனிப் பிரச்சினை. பொழுது விடியுமுன் அம்மா பிரட்டுக்குப் போய்விடுகிறார். பிள்ளை எழுந்து பார்க்கும்போது வீட்டில் அம்மா இல்லை. அப்பாவும் இப்படித்தானே போனார், திரும்பவில்லையே! பள்ளியில் பாடம் நடக்கும்போது அந்தப் பிள்ளையின் மனம் வேலைக்காட்டில்தான் இருக்கும்.

சொல்லாமல் போகாதீர்கள். தூக்கத்திலிருந்து எழுப்பியாவது, "அம்மா வேலைக்குப் போறேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும் நானும் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். தாமதமானால் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியனுப்புங்கள். "அம்மாவும் செத்துருவியா?" என்று கேட்டால், "சாகவே மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். "அம்மா நல்லா இருக்கேன். உன்னைப் பார்த்துக்க பாட்டி இருக்காங்க, மாமா இருக்காரு. நீ எப்பவும் தனியா இருக்க மாட்டே" என்று சொல்லுங்கள். பிள்ளை தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

பிள்ளை பள்ளிக்குத் திரும்புமுன் வகுப்பாசிரியரைப் பாருங்கள். வேலை விட்டுப் போக முடியவில்லை என்றால் மாமாவோ சித்தப்பாவோ போகட்டும். அதுவும் முடியாவிட்டால் கைத்தொலைபேசியில் குரல் பதிவு செய்து அனுப்புங்கள். என்ன நடந்தது, பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கிறோம், எதற்குப் பயப்படுகிறது என்ற மூன்று செய்தி போதும். வீட்டில் ஒரு கதை, பள்ளியில் ஒரு கதை என்றால் பிள்ளை இரண்டையும் நம்பாது.

ஆசிரியரிடம் இவற்றைக் கேட்டுக்கொள்ளலாம்:

மொட்டைத் தலையோடு பிள்ளை வருவதற்கு முதல் நாளே மற்ற மாணவர்களிடம், "நண்பனின் அப்பா இறந்துட்டார். அதனால தலைமுடி எடுத்திருக்காங்க. யாரும் கேலி பண்ணக் கூடாது. விளையாடக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைப்பது. ஒரு பிள்ளை 'மொட்டை' என்று கத்திவிட்டால் பல நாள் முயற்சி வீணாகிவிடும்.

நல்ல நண்பன் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைப்பது. வெண்பலகையைத் துடைப்பது, நோட்டுகளை ஆசிரியர் அறைக்குக் கொண்டு போவது போன்ற சின்ன வேலை கொடுப்பது. பேச முடியாத பிள்ளைக்கு, தனக்கும் இங்கே ஓர் இடம் உண்டு என்று அந்த வேலை சொல்லும்.

அழுகை முட்டினால் கேட்காமலே வெளியே போய் முகம் கழுவி வர ஓர் அடையாளம் பேசி வைப்பது. மேசையில் சிவப்பு அட்டையைத் திருப்பி வைத்தால் போதும்.

"ஏன் பேச மாட்டேங்கிறே?" என்று வகுப்பின் முன் நிறுத்திக் கேட்காமலிருப்பது. பேச வைப்பதைவிடப் பக்கத்தில் இருப்பது மேல். கொஞ்ச நாளைக்கு வீட்டுப்பாடத்தைக் குறைக்கலாம், ஆனால் பள்ளி ஒழுங்கு அப்படியே இருக்க வேண்டும். எல்லாம் தலைகீழான பிள்ளைக்கு, மணி அடித்தால் கணக்குப் பாடம் என்பதே ஒரு பிடிமானம்.

'என் தந்தை' என்ற கட்டுரை, தந்தையர் தின வாழ்த்தட்டை, தேர்ச்சி அறிக்கையில் தந்தையின் கையெழுத்து ஆகியவை வருமுன் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவைப் பத்தியே எழுதுறியா, தாத்தாவைப் பத்தி எழுதுறியா?" என்று கேட்பது. முடிவு பிள்ளையுடையது. அப்பாவைப் பற்றி எழுத ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு.

ஓராண்டுக்கு மேலும்

துக்க வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு லயமே புதுத்துணியில் இருக்கும்போது இந்தப் பிள்ளை மட்டும் பழைய சட்டையில் நிற்கும். காரணத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பக்கத்து வீட்டார் பலகாரம் கொடுத்து மத்தாப்புக் கொளுத்தக் கூப்பிட்டால் தடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் சில்வர்மேன், வோர்டன் என்ற இருவர், தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதலாண்டில் தெரியாத தொல்லை சில பிள்ளைகளுக்கு இரண்டாமாண்டில் தலைகாட்டியது. ஆகவே திவசம் முடிந்தது, துக்கமும் முடிந்தது என்று கணக்கை மூடாதீர்கள். மறு ஆண்டு புதிய வகுப்புக்குப் போகும்போது புதிய ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

"நானும் அப்பாகிட்ட போறேன்" என்று பிள்ளை சொன்னால் அதட்டி அடக்காதீர்கள். பல பிள்ளைகள் ஏக்கத்தில் சொல்வதுண்டு. ஆனாலும், "எப்படிப் போகணும்னு நினைக்கிறே?" என்று நிதானமாகக் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் தெரிந்தால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனாலும், வாரக்கணக்கில் பள்ளிக்குப் போக மறுத்தாலும், மாதங்கள் ஆகியும் யாருடனும் பேசாமல் விளையாடாமல் இருந்தாலும், சாவை நேரில் பார்த்துவிட்டு இரவில் அலறினாலும் அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருந்தால் அவரையும் பாருங்கள். மலேசியாவில் தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் ஹீல் 15555 ஆகிய எண்களிலும் பேசலாம். இது பைத்தியக்கார வைத்தியம் அல்ல. வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடும் வருமானமும்

உழைத்தவர் போனதும் தோட்டத்து வீடும் போய்விடுமோ என்ற பேச்சு எழும். அப்பாவை இழந்த பிள்ளை வீட்டையும் பள்ளியையும் நண்பர்களையும் ஒரே மாதத்தில் இழந்தால் தாங்காது. ஆகவே தாமதிக்காமல் சங்கக் கிளையில் சொல்லுங்கள். பள்ளி ஆண்டு முடியும் வரையாவது பிள்ளை அதே வகுப்பில் இருக்க வழி தேடுவோம். இறந்தவர் சொக்சோ சந்தா கட்டியவர் என்றால், தகுதிக்கேற்ப மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் மாத ஓய்வூதியம் கிடைக்கலாம். பாரத்தை நிரப்பக் கிளையில் உதவி கேளுங்கள். அம்மாவின் கவலை குறைந்தால் பிள்ளையின் கவலையும் குறையும்.

இனி நம் பையனிடம் வருவோம். ஒருநாள் டீச்சர் ஒன்றும் கேட்காமல் அவன் பக்கத்தில் சின்ன நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தானே படம் வரைய ஆரம்பித்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் ஒரு மோட்டார் சைக்கிளை வரைந்தான். சாதாரணப் பென்சிலில். "கலர் கொடுக்கலையா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். "நான்தான் டீச்சர் வாங்கிட்டு வரச் சொன்னேன்" என்றான். அப்போதுதான் அழுதான்.

அன்று சாயங்காலமே டீச்சர் தாயாரைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா பையனை மடியில் இழுத்துக்கொண்டு சொன்னார்: "அப்பா அரிசி வாங்கத்தான்டா போனாரு. நீ ஒண்ணும் சொல்லலைன்னாலும் போயிருப்பாரு. இது உன்னால இல்ல, கண்ணு."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சொல்வதற்கு, அவன் எதைச் சுமக்கிறான் என்று யாராவது பார்த்திருக்க வேண்டும். உங்கள் லயத்தில், உங்கள் பிள்ளையின் வகுப்பில் தொந்தரவே கொடுக்காத ஒரு பிள்ளை இருக்கிறதா? இன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.