மூச்சு வாங்கினால் ஈரலையும் எண்ணுங்கள்

என்னுடன் பணியாற்றிய ஆசிரிய நண்பர் ஒருவருக்குக் கல்லீரல் சுருக்க நோய் இருந்தது. இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்பார். கையில் பட்டை கட்டிப் பார்த்தால் இரத்த அழுத்தம் சரியாகவே இருக்கும். "வயசாகிப் போச்சு சார், அவ்வளவுதான்" என்று நானும் சொன்னேன். அது தவறு. அவருடைய நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தது பின்னரே தெரிய வந்தது. அத்தவற்றை வேறெவரும் செய்யலாகாது என்றே இதை எழுதுகிறேன்.

ஈரலுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு? குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் குழாய் வழியாக ஈரலுக்குச் சென்று, அங்கே துப்புரவான பிறகே இதயத்தை அடைகிறது. ஈரல் வடுப்பட்டு இறுகினால் அந்தச் சிரையில் அழுத்தம் கூடும். அடைபட்ட ஆற்று நீர் பக்க வாய்க்கால்களில் பாய்வது போல, இரத்தம் ஈரலைச் சுற்றிக்கொண்டு போகும். ஈரல் அகற்றியிருக்க வேண்டிய சில பொருள்கள் அதனால் நுரையீரலை எட்டி, அங்குள்ள தமனிகளைச் சுருக்குகின்றன என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். தமனிகள் தடித்துக் குறுகக் குறுக, இதயத்தின் வலப்பக்கம் பெரும்பாடுபட்டு இறுதியில் தளர்ந்துவிடுகிறது.

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 14 மி.மீ. பாதரசம். 20-ஐத் தாண்டினால் அது மிகை. கைப்பட்டை இதைக் காட்டாது. எக்கோ பரிசோதனையில் ஐயம் எழுந்தால், இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்து உறுதி செய்வார்கள். ஈரல் மாற்று அறுவைக்கு முன் இதைக் கவனிப்பது இன்றியமையாதது. அழுத்தம் 50-ஐ எட்டியவருக்கு அறுவையே உயிருக்கு ஆபத்தாகலாம். மருந்தினால் 35-க்குக் கீழே இறங்கினால் பலருக்கு அவ்வழி மீண்டும் திறக்கும்.

ஈரல் நோயாளர் எல்லாருக்கும் இது வருவதில்லை. மூச்சு வாங்குவதற்கு இரத்தசோகை, வயிற்றில் நீர் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் படியேறும்போது மூச்சுத் திணறல், கால் வீக்கம், மயக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

வருமுன் காப்பதே மேல். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம்மைப் போன்றவர்கள் ஒருமுறையேனும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மதுவை விடுங்கள், சர்க்கரையையும் உடல் எடையையும் கட்டுக்குள் வையுங்கள்.

நண்பர் இப்போது மருந்து உட்கொள்கிறார். நின்று நின்றாவது படியேறுகிறார். நான் அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்பியிருக்கலாம்.