ஒரு முடிச்சுக் கீரை விதை

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் குமணன்சாவடி என்று ஓர் ஊர் இருக்கிறது. இக்காலத்தில் அவ்வழியே போகிறவர் கண்ணில் முதலில் படுவன மெட்ரோ ரயிலுக்காக எழுந்த தூண்களும், இருபுறத்துக் கடைகளுமே. ஆயினும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் முதிர மலைத் தலைவனாகிய குமண வள்ளலின் ஞாபகம் வராமற் போகாது. அந்தக் குமணனுக்கும் இந்தச் சாவடிக்கும் உறவு உண்டா என்ற ஆராய்ச்சியைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டிய விஷயம் வேறு.

புறநானூற்றின் 159-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு வறுமையைக் குமணனிடம் எடுத்துரைக்கிறார். குப்பையில் தானே முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்புங்கூட இல்லாமல் வேகவைத்து உண்ணும் மனைவியை அவர் நம் கண்முன் நிறுத்துகிறார். எல்லோரும் கைவிட்ட காலத்திலும் கீரை கைவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இப்போது பட்டணத்துப் பெரிய கடைகளில் 'கேல்' என்றொரு சீமைக் கீரை நல்ல விலைக்கு விற்கிறது. முட்டைக்கோசின் இனத்தைச் சேர்ந்தது, சத்துள்ளது, அதில் நமக்குப் பகைமை ஒன்றுமில்லை. ஆனால் அது முதல் வருஷம் இலை விட்டு, ஒரு குளிர்காலத்தைக் கண்ட பிறகே பூத்து விதை தரும் பயிர். குமணன்சாவடியின் மார்கழிப் பனியைக் குளிர் என்றே அது மதிக்காது! ஆகவே அதை இங்கே பயிரிடுகிறவர் வருஷந்தோறும் விதைக்காகப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான். நம் அரைக்கீரையோ, சிறுகீரையோ, தண்டுக்கீரையோ அப்படியல்ல. விதைத்த பாத்தியிலேயே சில மாதங்களில் விதையையும் திருப்பித் தந்துவிடும்.

எங்கள் வீட்டில் பாட்டியின் காலத்திலிருந்து அரைக்கீரை விதை ஒரு துணி முடிச்சில் வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் அசட்டையாக இருந்துவிட்டோம். கொல்லையில் புது அறை கட்டினோம். கீரைப் பாத்தி மறைந்தது. முடிச்சும் தாழ்வாரத்து ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பூத்தது. மறு வருஷம் கடையில் வாங்கிய விதை முளைத்தது உண்மை. ஆனால் நாலு தரம் அறுப்பதற்குள் கதிர் தள்ளிவிட்டது. அப்போதுதான் இழந்தது இன்னதென்று தெரிந்தது. நல்ல வேளையாக, பாட்டி முன்னொரு நாள் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்திருந்த விதை அங்கே உயிரோடிருந்தது. ஒரு பிடி வாங்கி வந்தோம்.

கீரை விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஆகையால் பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவி, மண்ணை இலேசாகக் கிளறிவிட்டாற் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. எறும்பு கொண்டுபோகாமலிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவ வேண்டும். பூவாளியால் மெல்ல நீர் தெளிக்க வேண்டும். முளைக்கீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அடி விட்டு அறுத்தால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும்.

விதைக்கென்று விடும் செடிகளில்தான் குடும்பப் பெண்களின் கண் கூர்மை தெரியும். முந்திக்கொண்டு பூப்பதை விதைக்கு விடலாகாது. அதன் சந்ததியும் அவ்வாறே அவசரப்படும். இலை நிறைந்து, பூச்சி தொடாமல், பிந்திப் பூக்கும் செடிகள் பலவற்றை அறுக்காமல் விட வேண்டும். இவற்றின் மகரந்தத்தைக் காற்று கொண்டு செல்லும். ஆதலால் இனமான வேறு கீரை பக்கத்தில் பூத்தால் கலப்பு நேரலாம். அதை முன்னரே களைந்துவிடுவது நலம்.

கதிர் பழுப்பேறி, விரலால் தேய்த்தால் கறுப்பு மணியாக விதை உதிரும்போது காலையில் அறுத்து, துணியில் உலர்த்தி, தட்டி, முறத்தில் புடைத்தெடுக்கலாம். நிழலில் நன்றாகக் காய்ந்த விதையைச் சாம்பலோடு கலந்து ஈரம் படாத கலத்தில் வைக்க வேண்டும். விதைக்கு முன் நூறு மணிகளை நனைந்த துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டால் ஏமாற்றமில்லை.

இது அற்பக் காரியம் என்று எண்ண வேண்டாம். 1941 முதல் 1944 வரை லெனின்கிராட் நகரம் முற்றுகைக்குள்ளாகிப் பட்டினி கிடந்தபோது, அங்கிருந்த விதைச் சாலையின் விஞ்ஞானிகள் சிலர், கைக்கெட்டிய தானியத்தைத் தின்னாமல் காத்துப் பசியால் உயிர் நீத்தனர். நம் நாட்டிலும் நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டுவிட்டு 2018-இல் மறைந்தார். பாரத தேசத்தின் 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும், விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும் உழவனுக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. உரிமை ஏட்டில் இருந்து பயனென்ன? முடிச்சில் விதை இருக்க வேண்டாமா?

குமணன் அளித்த பெருஞ்செல்வத்தோடு வீடு திரும்பிய அதே பெருஞ்சித்திரனார், புறநானூற்றின் 163-ஆம் பாட்டில் மனைவியிடம் என்ன சொன்னார்? இன்னாருக்கு என்று பாராமல், என்னையும் கேளாமல், எல்லோருக்கும் கொடு என்றார். பொன்னுக்கு அது பொருந்துமோ பொருந்தாதோ, விதைக்கு முற்றும் பொருந்தும். வைத்திருந்தது எங்கள் வீட்டில் கெட்டது. கொடுத்தது அடுத்த தெருவில் பிழைத்தது. இந்த வருஷம் எங்கள் மாடித் தொட்டிகளில் எடுத்த விதையை ஐந்து முடிச்சாகக் கட்டினோம். அவற்றில் ஒன்றுதான் எங்களுடையது.