முழங்கால் தேய்மானம்: எக்ஸ்ரே சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்

நியூ ஜெர்சியில் முழங்கால் வலியோடு என்னிடம் வரும் தமிழர்களில் பலர், கால் வளைந்து, படியேற முடியாமல் போன பிறகே வருகிறார்கள். இன்னும் சிலர் ரத்தப் பரிசோதனைத் தாள்களை நீட்டி, "எல்லாம் நார்மல் டாக்டர், பிறகு ஏன் வலிக்கிறது?" என்கிறார்கள். அண்மையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "தேய்மானத்தை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாமாமே, அந்த டெஸ்டை எழுதித் தாருங்கள்." அதற்கான பதில் இது.

ஆய்வில் தெரிந்தது

குருத்தெலும்பு சிதையும்போது அதன் புரதத் துணுக்குகள் ரத்தத்திலும் சிறுநீரிலும் கலக்கின்றன. அவற்றை பயோமார்க்கர் என்கிறோம். சிறுநீரில் வரும் சிடிஎக்ஸ்-2, ரத்தத்தில் காணும் காம்ப் ஆகியவை நெடுங்காலமாக ஆராயப்படுகின்றன. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் இனிஷியேட்டிவ்' என்ற ஆய்வு, 45 முதல் 79 வயது வரையிலான 4,796 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. அவர்களில் 600 பேரின் மாதிரிகளைச் சோதித்தபோது, சிடிஎக்ஸ்-2 கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

2024இல் டியூக் பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா க்ராஸ் குழு, பிரிட்டனைச் சேர்ந்த 200 பெண்களின் ரத்தத்தை ஆராய்ந்தது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே சில புரதங்கள் மாறியிருந்தன.

அந்த டெஸ்டை நான் ஏன் எழுதித் தருவதில்லை?

அது இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. இடுப்பு, முதுகு, விரல் மூட்டுகளின் துணுக்குகளும் அதே ரத்தத்தில்தான் கலக்கின்றன. எந்த மூட்டு தேய்கிறது என்பதை டெஸ்டில் வரும் எண் சொல்லாது. உடற்பயிற்சி செய்தாலே காம்ப் ஏறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு சிடிஎக்ஸ்-2 ஏறும். ஆனால் இந்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டன: எக்ஸ்ரேயில் தெரியும் நாளில் நோய்க்குப் பல ஆண்டு வயதாகிவிட்டது. வலி தொடங்கியவுடன் வருவதே ஓரளவு தாமதம் என்றால், நான்கைந்து ஆண்டுகள் தைலம் தேய்த்துவிட்டு வருபவரை என்னவென்று சொல்வது?

விட்டுவிட வேண்டிய நம்பிக்கைகள்

"ரத்தம் நார்மல், அதனால் மூட்டும் நார்மல்." ஆர்ஏ ஃபேக்டர், சிஆர்பி, யூரிக் ஆசிட் ஆகியவை முடக்குவாதம், கவுட் போன்ற வேறு மூட்டுநோய்களைத் தேடுபவை. தேய்மானம் உள்ளவருக்கு இவை பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும்.

"ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை இருக்கிறது." டைக்ளோஃபெனாக் மாத்திரையை இங்கே மருந்துச்சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் அதை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம், இரைப்பையில் ரத்தம் கசியலாம், மாரடைப்பும் வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று தயவுசெய்து விழுங்காதீர்கள்.

"மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது." பாஸ்டன் பகுதியில் தெற்காசியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது, 2004இல் வெளியான ஆய்வு இது. மூட்டுவலிக்கென விற்ற 'ஆர்ட்ரி கிங்' மாத்திரையில் டைக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மறைந்திருப்பதாக 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளுக்கு நான் எதிரியில்லை. காப்ஸ்யூல் வேறு.

"குளுக்கோசமைன் குருத்தெலும்பை வளர்க்கும்." 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், மொத்தத்தில் அது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை.

"மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி போட்டால் போதும்." அப்படி இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது, வலியும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குறையவில்லை. இது 2017 ஆய்வின் முடிவு.

"நடந்தால் இன்னும் தேயும்." இதைவிடக் கெடுதலான அறிவுரை கிடையாது. நடக்காத காலில் தொடைத் தசை வற்றுகிறது. அந்தத் தசை தாங்க வேண்டிய பாரமும் மூட்டின்மேல் விழுகிறது.

பரிசோதனை

மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும், தேவைப்பட்டால் நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் போதும். மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே வாருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

எடையைக் குறையுங்கள். ஒரு பவுண்டு குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை நான்கு பவுண்டு குறையும். பத்து பவுண்டு குறைத்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ரீமாண்டிலோ ஃப்ரிஸ்கோவிலோ இருங்கள், வீட்டிலிருந்து காருக்கும் காரிலிருந்து நாற்காலிக்கும் போய் வருவதெல்லாம் நடையாகாது. தினமும் அரைமணி நடங்கள். பிசியோதெரபிஸ்டிடம் தொடைத் தசைப் பயிற்சியைக் கற்று, வலி குறைந்த பின்னும் விடாமல் செய்யுங்கள்.

ஆறு மாதம் தங்க வரும் அம்மா, மாமியாரை விமானம் ஏறுமுன்பே ஊரில் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். விசிட்டர் இன்சூரன்ஸ் பழைய நோய்க்குப் பெரும்பாலும் பணம் தராது. மாடி அறையைத் தராமல் கீழே படுக்கை போடுங்கள். "எனக்கொன்றுமில்லைப்பா" என்று அவர்கள் சொன்னால் நம்பிவிடாதீர்கள். படியிறங்கும்போது கைப்பிடியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

ரத்த டெஸ்ட் ஒருநாள் வரும். அதுவரை உங்கள் முழங்கால் காத்திருக்காது. வலி ஒரு மாதம் தாண்டினால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் வாருங்கள்.