வீட்டு வைஃபைக்கு இரண்டு பூட்டுகள்

வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்கச் செல்பவர் நம்மில் எவரும் இலர். ஆயினும் அதே வீட்டின் வைஃபையை ஆண்டுக்கணக்கில் சரிவரப் பூட்டாமலே விட்டுவிடுகிறோம். வானொலி அலைகளுக்குச் சுவர் எல்லையன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் வைஃபை மேல்மாடியையும் கீழ்மாடியையும் எட்டுகிறது. நம் கைத்தொலைபேசியின் பட்டியலில் தோன்றும் அண்டைவீட்டு வைஃபைப் பெயர்களே இதற்குச் சான்று. அலை வெளியே செல்வதைத் தடுத்தல் அரிது. அதன்வழி உள்ளே நுழைவோரைத் தடுத்தல் இயலும். அதற்கு இரண்டு பூட்டுகள் உள்ளன.

முதற்பூட்டு, வைஃபையில் இணைவதற்கான கடவுச்சொல். இன்று பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 முறையில் அது குறைந்தது 8 எழுத்துகளையோ எண்களையோ கொண்டிருத்தல் வேண்டும். சிங்கப்பூர்த் தொலைபேசி எண்ணும் 8 இலக்கங்களே. ஆதலால், எளிதில் நினைவில் நிற்கும் என்று கருதி அந்த எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கத் தோன்றும்.

அதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் கைத்தொலைபேசி எண்கள் 8 அல்லது 9இல் தொடங்குகின்றன. எஞ்சிய 7 இடங்களுக்கும் தலா 10 வாய்ப்புகள். ஆக மொத்தம் 20 மில்லியன் எண்கள். ஒரு கருவி நம் வைஃபையில் இணையும் கணத்தில் நிகழும் தகவல் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொள்பவர், அதன்பின் நம் வீட்டருகே நிற்கவேண்டிய தேவையில்லை. தம் கணினியைக் கொண்டே ஒவ்வொரு கடவுச்சொல்லாக ஊகித்துச் சோதிக்கலாம். அக்கணினி நொடிக்கு 500,000 ஊகங்களைச் சோதிப்பதாகக் கொண்டால், அத்தனை எண்களும் 40 நொடிகளில் தீர்ந்துவிடும்.

இவ்விடத்தில் நம் மொழி நமக்குக் கைகொடுக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் அடுத்தடுத்து எழுதிக் கடவுச்சொல்லாக்கலாம். 'குடை, நண்டு, மிளகு, ஏணி, திண்ணை' என்பது போன்ற வரிசை அது. 2,000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஐந்தை எடுத்தால், அதே கணினி அனைத்தையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆகும். சொற்களை நாமே விரும்பித் தேர்ந்தால் இப்பயன் குன்றும். புகழ்பெற்ற குறளோ திரைப்பாடல் வரியோ அறவே கூடாது. பலர் அறிந்ததை ஊகிப்பது எளிது.

இரண்டாம் பூட்டு, வைஃபையை வழங்கும் ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கான கடவுச்சொல். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். ஆலையில் இடப்பட்ட பொதுக் கடவுச்சொல் மாற்றப்படாதிருந்தால், அதை அறிந்தவர் எவரும் ரவுட்டரைத் தம் வசப்படுத்தலாம். 2016இல் பரவிய 'மிராய்' என்னும் தீநிரல், இத்தகைய அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளைக் கொண்டே கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. 2021 ஏப்ரல் 13 முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையேனும் எட்டவேண்டும். பொதுக் கடவுச்சொல்லை அந்நிலை ஏற்பதில்லை. அதற்கு முன் வாங்கிய ரவுட்டர்களை நாமே சரிபார்த்தல் வேண்டும்.

இவற்றோடு, 8 இலக்க எண்ணால் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்திவிடுதல் நன்று. அவ்வெண் இரு பாதிகளாகச் சோதிக்கப்படுவதால் 11,000 முயற்சிகளுக்குள் வெளிப்பட்டுவிடும் என்பது 2011இலேயே அறியப்பட்டது. ரவுட்டரின் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வழிசெய்தலும், விருந்தினருக்குத் தனி வைஃபை அமைத்தலும் பயன்தரும். வைஃபையின் பெயரை மறைத்துவைத்தல் பாதுகாப்பாகாது. அதனைக் கண்டறியும் மென்பொருள்கள் உள்ளன.

பூட்டாத வைஃபை கண்ணில் பட்டால் அதில் நுழையலாமா என மாணவர் வினவலாம். 2006இல் சிங்கப்பூரில் 17 வயது இளையர் ஒருவர் அண்டைவீட்டு வைஃபையை இசைவின்றிப் பயன்படுத்தியதற்காகக் கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டார். மறு ஆண்டில் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. திறந்த கதவு அழைப்பாகாது என்பதே அவ்வழக்கு உணர்த்தும் பாடம்.

நம் வைஃபை வழியே பிறர் இழைக்கும் தவறு, முதலில் நம் வீட்டு வாயிலுக்கே விசாரணையைக் கொணரும். இன்று மாலை, வீட்டிலுள்ள பிள்ளைகளையும் பெரியோரையும் அமரவைத்து, இவ்விரு பூட்டுகளையும் சோதிப்போம்.